மேட்டு மூலையில் தொடங்க வேண்டும்

சேறடித்த வயலில் மறுநாள் காலை வரம்பில் நின்று பார்த்தால், உழவு இயந்திரக்காரரின் கைப்பழக்கம் தெரிந்துவிடும். தண்ணீர் ஒரே சீராகப் பரவி நின்றால் வேலை சுத்தம். அங்கங்கே மண் திட்டாகத் தலைகாட்டினால், அந்தத் திட்டுகளில் நெல்லுக்கு முன்னே களை முளைக்கும். பள்ளமான இடத்தில் விதை தண்ணீருக்குள் கிடந்து அழுகும். அதனால்தான் உழவு இயந்திரத்தின் பின்னால் பலகையைக் கட்டி இழுத்து மட்டம் அடிக்கிறார்கள்.

வட்டக்கச்சி இரணைமடுத் தண்ணீரில் விளையும் ஊர். குளம் 36 அடி நிரம்பியிருக்கிறதா, எத்தனை அடி குறைவு என்ற எண்ணை வைத்துத்தான் சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பேச்சே தொடங்கும். வாய்க்கால் வழியே வரும் தண்ணீர் வயலுக்குள் இறங்கியதும் எல்லார் கண்ணும் போவது மேட்டு மூலைக்கு. அங்கே தண்ணீர் ஏறிவிட்டால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலை இல்லை. ஏறாவிட்டால் மற்ற இடங்களில் முழங்கால் அளவு நின்றும் பயனில்லை.

இதே மேட்டு மூலைச் சிக்கல், தண்ணீர் சிந்திவிடுமோ என்று எப்போதும் பயந்துகொண்டிருக்கும் ஓர் அறையிலும் உண்டு. நமது கைபேசிப் படங்களும் வங்கிக் கணக்குகளும் பரீட்சை முடிவுகளும் தங்கியிருக்கும் தரவு நிலையம்தான் அது. ஹோமாகமவுக்கு அருகே பிட்டிப்பனயில் ஸ்ரீலங்கா ரெலிகொம் ஒன்றை நடத்துகிறது. கடலுக்கு அப்பால் சென்னையின் சிறுசேரியில் மண்டபம் மண்டபமாக எழுகின்றன. வட்டக்கச்சியில் ஒருவர் அனுப்பும் குரல்செய்தி கோபுரத்தடியில் கொங்கிறீற் மேடைமீது பூட்டிக் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து கண்ணாடி இழை வழியே இப்படி ஏதோ ஒரு மண்டபத்தில் வரிசையாக நிற்கும் இரும்புப் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்கிறது.

அந்தப் பெட்டியைத் தொழிலில் ராக் என்பார்கள். நம் வீட்டுக் குசினியில் பேணிகளை அடுக்கும் றாக்கையின் உறவுதான். ஆனால் இதன் அளவுகளில் விட்டுக்கொடுப்பு இல்லை. உள்ளே பூட்டும் கருவிகளின் முகப்பு 19 அங்குல அகலம், அதாவது 482.6 மில்லிமீற்றர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் இணைப்பு மாற்றும் கருவிகளைப் பூட்டப் பழகிய அளவு இது. தொலைபேசி நிலையம் மாறியது, கருவி மாறியது, அங்குலத்தை உலகின் பெரும்பகுதி கைவிட்டது. 19 மட்டும் அசையவில்லை. உயரத்தை யூ என்ற அலகில் எண்ணுவார்கள். ஒரு யூ ஒன்றேமுக்கால் அங்குலம், 44.45 மில்லிமீற்றர். 42 யூ கொண்ட றாக்கையில் கருவிகளுக்குக் கிடைக்கும் உயரம் 1,867 மில்லிமீற்றர் அளவு. ஒவ்வொரு யூவுக்கும் தூணில் மூன்று துளைகள், அவற்றின் இடைவெளிகளும் முன்கூட்டியே வகுத்தவை. முன்தூண் இரண்டு, பின்தூண் இரண்டு. ஒரு கருவியின் நான்கு மூலைகளும் இந்த நான்கு தூண்களின் துளைகளோடு பொருந்தியாக வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கணினிக்கு மட்டம் எதற்கு? சில்லுக்குள் ஓடும் மின்னோட்டத்துக்கு மேடு பள்ளம் கிடையாது. சுழலும் வன்தட்டுகூடப் படுக்கவைத்தாலும் நிறுத்திவைத்தாலும் ஓடும். உண்மைதான். மட்டம் கேட்பது கணினியன்று, அதைச் சுமக்கும் இரும்புச் சட்டம்.

முழுவதும் கருவி நிரம்பிய றாக்கையின் எடை 1,000 கிலோகிராமைத் தொடுவது சாதாரணம். நான்கு பாதங்கள், ஆளுக்கு 250 கிலோ என்று கணக்குச் சரியாக வருவதுபோலத் தோன்றும். ஆனால் நான்கில் ஒரு பாதம் தரையைத் தொடவில்லை என்று வையுங்கள். மிச்சம் மூன்றும் 333 கிலோவாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று நினைப்பது பிழை. எடையின் மையம் சட்டத்தின் நடுவில் இருக்கிறது. நடு என்பது மூலைவிட்டங்கள் வெட்டும் இடம். ஆகவே, தொங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் உள்ள இரண்டும், ஒன்றுக்கொன்று மூலைக்கு மூலை நிற்பவை, ஆளுக்கு 500 கிலோவைச் சுமக்கின்றன. மூன்றாவது பாதம் தரையைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது. நான்குபேர் தூக்க வேண்டியதை இரண்டுபேர் தூக்குகிறார்கள். இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டம் இந்தச் சுமையில் கொஞ்சம் முறுகும். முறுகினால் முன்தூணின் துளையும் பின்தூணின் துளையும் ஒரே உயரத்தில் இராது. கருவி சறுக்கி வரும் தண்டவாளம் இறுகி, இழுத்து வெளியே எடுக்க வேண்டிய கருவி பாதியில் சிக்கும். கதவு நிலையில் உரசும். பூட்டு விழாது.

மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு தளம் போகும். நான்காவது கால்தான் தகராறு. ஆடும் நான்குகால் மேசையை என்ன செய்யலாம் என்பதற்குக் கணிதக்காரரிடம் அழகான ஒரு விடை உண்டு: காலுக்கடியில் கடுதாசி மடித்து வைக்காதே, மேசையைச் சுழற்று. தரையின் மேடு பள்ளம் அளவுக்கு மீறிச் செங்குத்தாக இல்லாதவரை, கால்கள் சம நீளமுள்ள சதுர மேசையைக் கால் சுற்றுக்குள் எங்கோ ஓரிடத்தில் நான்கு காலும் தரையில் பட நிறுத்திவிடலாம். இது நிறுவப்பட்ட தேற்றம். தேநீர்க் கடையில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் தேற்றம் தருவது ஆடாத மேசையை மட்டும். மட்டமான மேசையை அன்று. தேநீர் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். மேலும், வரிசையில் ஒரே திசை நோக்கி நிற்க வேண்டிய றாக்கையைச் சுழற்றவும் முடியாது. எனவே காலின் நீளத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்காகத்தான் ஒவ்வொரு மூலையிலும் ஒரு திருகு பாதம். கொண்டுவரும்போது றாக்கை சில்லுகளில் உருளும். இடத்துக்கு வந்ததும் பாதங்களைக் கீழே திருகி, பாரம் முழுவதையும் சில்லிலிருந்து பாதத்துக்கு மாற்றுவார்கள். பாதத்தின் திருகாணி 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழக்கமான வகை என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றர் உயரும். கால் சுற்றுக்கு அரை மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. "பின்கால் அரைச் சுத்து ஏத்துங்கோ அண்ணை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஸ்பனரோடு தரையில் படுத்துக் கிடக்க, ஒரு தொன் எடையுள்ள இரும்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக அசையும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை.

கவனிக்க வேண்டியது, இந்தப் பாதம் உயர்த்த மட்டும்தான் வல்லது. முழுக்க உள்ளே திருகிய நிலைக்குக் கீழே அதனால் றாக்கையை இறக்க முடியாது. ஆகவே இருபது றாக்கைகளை ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும் என்றால் முதலில் தேட வேண்டியது தரையின் மிக உயர்ந்த புள்ளியை. அனுபவமில்லாதவர் வாசல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போவார். பன்னிரண்டாவதில் தரை மேடாக இருக்கும். பாதத்தை இனி உள்ளே திருக இடமில்லை. முன்பு வைத்த பதினொன்றையும் மீண்டும் உயர்த்த வேண்டும். தெரிந்தவர் மேட்டுப் புள்ளியில் முதல் றாக்கையை நிறுத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் விரிந்து போவார். வட்டக்கச்சிக் கமக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மேட்டை எப்படித் தேடுவது? இப்போது சுழலும் லேசர் விளக்கு ஒன்றை அறை நடுவில் முக்காலியில் வைக்கிறார்கள். அது அறை முழுவதும் ஒரே உயரத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு கோடு வீசும். அளவுகோலைத் தரையில் நிறுத்தி, கோடு எந்த எண்ணில் விழுகிறது என்று இடத்துக்கு இடம் குறித்துக்கொண்டு போனால், மிகச் சிறிய எண் விழும் இடம்தான் மேடு. இதே சுழலும் லேசரை உழவு இயந்திரத்தோடு இணைத்து வயல் மட்டம் செய்யும் முறையும் ஆசிய நாடுகள் பலவற்றில் பரவியிருக்கிறது. அங்கே கோட்டைப் பார்ப்பது மனிதக் கண்ணன்று, மண்வாரியின் மேல் பூட்டிய உணரி. அது சொல்லச் சொல்ல மண்வாரி தானே ஏறி இறங்கும். மட்டமான வயலுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். லேசர் இல்லாத இடத்தில் மேசன்மார் செய்வது இன்னும் எளிது: ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் பிடித்தால், நடுவில் சுவர் இருந்தாலும் மூலை இருந்தாலும் இரு முனைத் தண்ணீரும் ஒரே உயரத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்கியிருக்கக் கூடாது. அது முக்கியமான நிபந்தனை.

லேசர் வழிகாட்டினாலும் ஒவ்வொரு றாக்கையின் தலையிலும் இறுதியில் வைத்துப் பார்ப்பது ரசமட்டத்தைத்தான். பெயரில் ரசம் இருந்தாலும் உள்ளே இருப்பது நிறமூட்டிய மதுசாரம் போன்றதொரு திரவம். குளிரில் உறையாது, குமிழி சுறுசுறுப்பாக ஓடும். 1660களில் பிரெஞ்சுக்காரர் மெல்கிசெதெக் தெவனோ அமைத்த கருவி. அன்றிலிருந்து இன்றுவரை அதன் தத்துவம் மாறவில்லை.

அந்தக் கண்ணாடிக் குழாய் நேரானது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நேரான குழாயாக இருந்தால் அதனால் பயனே இல்லை. மயிரிழை சாய்ந்தாலும் குமிழி ஒரே ஓட்டமாக முனைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சாய்வு என்று சொல்லாது. குழாயின் உட்புறம் மேல்நோக்கி மிக மெல்ல வளைந்திருக்கிறது. அது ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. குமிழி எப்போதும் அந்த வளைவின் உச்சியைத் தேடும். மட்டம் சாய்ந்தால் உச்சி நகரும், குமிழியும் கூடவே நகரும். வட்டம் பெரிதாக ஆக, அதே சாய்வுக்குக் குமிழி நகரும் தூரமும் கூடும். மீற்றருக்கு 0.02 மில்லிமீற்றர் சாய்வைக் காட்டும் நுட்பமான இயந்திர மட்டத்தில், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 2 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், அந்த வளைவின் ஆரை 100 மீற்றர். விரல் நீளக் கண்ணாடிக்குள், ஒரு பாடசாலை மைதானத்தை விழுங்கும் வட்டம் ஒன்றின் துண்டு ஒளிந்திருக்கிறது.

அந்த மட்டமே பிழையாக இருந்தால்? அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மட்டம் தேவையில்லை. வைத்த இடத்திலேயே முனைமாற்றித் திருப்பி வைத்தால் போதும். தரையில் சாய்வு என்றால் குமிழி அதே பக்கம் போகும். கருவியில் பிழை என்றால் எதிர்ப்பக்கம் போகும். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் கருவிகள் உலகில் அதிகமில்லை. வேலை தொடங்குமுன் இதைச் செய்து பாராத ஒருவரிடம் நான் ஒரு றாக்கையையும் ஒப்படைக்க மாட்டேன்.

சாய்வு சிறிதாக இருந்தால் விட்டுவிடலாமே என்று தோன்றும். 600 மில்லிமீற்றர் அகலமுள்ள றாக்கையின் அடியில் ஒரு பக்கம் 3 மில்லிமீற்றர் தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கொங்கிறீற் தரையிலும் இது நடக்கக்கூடியது. இரண்டு மீற்றர் உயரத்தில், தலைப்பக்கம், அது 10 மில்லிமீற்றராகிவிடும். அயல் றாக்கை அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இரண்டுக்கும் நடுவே உச்சியில் 20 மில்லிமீற்றர், கட்டைவிரல் நுழையும் பிளவு. வரிசையில் நிற்பவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைப்பதால் பிளவை இழுத்து மூடலாம். மூடினால் சட்டம் முறுகும். மூடாவிட்டால் காற்று ஒழுகும். றாக்கைகளின் முன்பக்கம் குளிர்காற்று, பின்பக்கம் கணினிகள் ஊதித்தள்ளும் வெப்பக்காற்று. இரண்டும் கலக்கக் கூடாது என்பதற்காகவே வரிசையைச் சுவர்போல நெருக்கி நிறுத்துகிறார்கள். கணினிக்குள் நுழையும் காற்று 18 பாகை முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நல்லது என்பது இத்துறையில் பொதுவாக ஏற்ற அளவு. ஆடி, ஆவணியில் கிளிநொச்சி வெளிக்காற்றை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிளவுகளில் ஒழுகும் ஒவ்வொரு கன அடி குளிர்காற்றுக்கும் மின்கட்டணம் இருக்கிறது.

இந்த நுட்பத்தை நமது காலத்துச் சாதனை என்று எண்ணிப் பெருமைப்படுவதற்கு முன், வவுனியாவைத் தாண்டித் தெற்கே போனால் யோத எல என்ற பழைய கால்வாயைப் பார்க்கலாம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரத்தின் திசாவெவக் குளத்துக்கு வெட்டியது. நீளம் 87 கிலோமீற்றர் அளவு. அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் என்று கணித்திருக்கிறார்கள். இதை நமது றாக்கையின் அகலத்துக்குச் சுருக்கினால் 600 மில்லிமீற்றருக்கு 0.06 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பு. மீற்றருக்கு அரை மில்லிமீற்றர் வரை மட்டும் நம்பத்தக்க சாதாரண ரசமட்டத்தை அந்தக் கால்வாயின் அடித்தளத்தில் வைத்திருந்தால், குமிழி நடுவில் நின்று "எல்லாம் மட்டம்" என்றிருக்கும். தண்ணீர் மட்டும் அந்தச் சரிவை உணர்ந்து அநுராதபுரத்துக்கு நடந்து போனது. வெட்டியவர்கள் எதை வைத்து அளந்திருப்பார்கள் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. தண்ணீரையே வைத்து அளந்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் குமிழியும் தண்ணீரும் எதைப் பார்த்து மட்டம் என்கின்றன? பூமியின் ஈர்ப்பை. தூக்குக்குண்டு காட்டும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதுதான் மட்டம். பூமிக்குள் பொருள் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இல்லாததால், அந்த மட்டப் பரப்பும் ஒழுங்கான உருண்டையாக இல்லை. உலகத்திலேயே அதன் மிகப் பெரிய பள்ளம் நமது வீட்டு வாசலில், இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. பூமிக்கு நாம் கணக்கில் வகுத்த ஒழுங்கான வடிவத்தோடு ஒப்பிட்டால் அங்கே கடல் மட்டம் 106 மீற்றர் அளவு தாழ்ந்து கிடக்கிறது. 1948இல் டச்சுப் புவியியற்பியலாளர் வெனிங் மைனெஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்துகொண்டு போனபோது வெளிப்பட்டது இது. பூமியின் ஆழத்தில் ஆபிரிக்காவின் அடியிலிருந்து கிழக்கே பரவிய, வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருளே இதற்குக் காரணம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள்.

106 மீற்றர் பள்ளம் என்றதும் கப்பல் அதற்குள் சறுக்கி இறங்கும் என்று எண்ண வேண்டாம். அந்தப் பள்ளம் முழுவதும் மட்டமானது. அதன் எந்த இடத்தில் ரசமட்டத்தை வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். இலங்கை முழுவதும், வன்னியும் சேர்த்து, இந்தப் பள்ளத்தின் பரப்புக்குள்தான் இருக்கிறது. செய்மதியைக் கேட்டு உயரம் பார்க்கும் அளவைக் கருவியில் திருத்தம் எதுவும் செய்யாமல் எண்ணைப் படித்தால், நமது கரையோரங்களில் கடல் மட்டத்துக்குத் தொண்ணூறு மீற்றருக்கும் கீழே நிற்பதாக அது சொல்லும். நில அளவையாளர் அந்த வேறுபாட்டைக் கூட்டிச் சரிசெய்த பிறகுதான் வாய்க்கால் வெட்டுவதற்குப் பயன்படும் உயரம் கிடைக்கும். செய்மதிக்குத் தெரிவது வடிவம். தண்ணீருக்குத் தெரிவது ஈர்ப்பு. வாய்க்காலுக்குத் தேவை இரண்டாவது.

பூமி உருண்டை என்பதால் இரண்டு தூக்குக்குண்டுகள் ஒருபோதும் ஒன்றுக்கொன்று இணையாகத் தொங்காது என்பதும் இதோடு சேர்ந்த செய்தி. இரண்டும் ஏறக்குறைய பூமியின் நடுவை நோக்குகின்றன. நியூயோர்க்கின் வெரசானோ பாலத்தில் இரண்டு கோபுரங்களும் செங்குத்தாகவே நிற்க, அவற்றின் உச்சிகள் அடிகளைவிட 41 மில்லிமீற்றர் அதிகம் விலகி நிற்கின்றன. இருபது றாக்கைகளின் 12 மீற்றர் வரிசைக்கு இந்தக் கணக்கைப் போட்டால், இரண்டு மீற்றர் உயரத்தில் வரும் விலகல் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்கு. இரத்தத்துச் சிவப்பணுவின் பாதி. இதற்காக யாரும் ஸ்பனரைத் தூக்க வேண்டாம்.

தூக்க வேண்டிய இடம் வேறு. வெறும் றாக்கையை மட்டம் பார்த்துவிட்டுப் போனவர், கருவிகள் நிரம்பிய பிறகு ஒருமுறை திரும்பி வர வேண்டும். பல தரவு நிலையங்களில் நிற்கும் தரை உண்மைத் தரை அன்று. கீழே இரும்புக் கால்கள், மேலே 600 மில்லிமீற்றர் சதுரத் தட்டுகள், நடுவில் குளிர்காற்றும் கம்பிகளும் போக வெற்றிடம். கம்பிக்காக ஒரு தட்டில் துளை வெட்டியிருந்தால் அது தன் அயல் தட்டைவிடக் கூடுதலாக வளையும். ஒரு தொன் ஏறியதும் நேற்றைய மட்டம் இன்று இராது. பாதத்தின் பூட்டு நட்டை இறுக்க மறந்திருந்தால் நிலை இன்னும் மோசம். கனமான கருவிகளைக் கீழிருந்து மேலாக அடுக்குவதும், ஒரே நேரத்தில் ஒரு கருவியை மட்டும் வெளியே இழுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். முப்பது கிலோ தண்டவாளத்தில் முன்னுக்கு நீண்டு வந்தால் மொத்த றாக்கையும் முன்னே தலைசாயப் பார்க்கும்.

பத்து வருடம் கழித்து வரிசையின் நடுவே ஒரு றாக்கையை மாற்ற வேண்டி வரும்போதுதான் பெரிய சோதனை. அதற்குள் கட்டடம் கொஞ்சம் இறங்கியிருக்கும், தட்டுகள் வளைந்திருக்கும், மொத்த வரிசையும் சேர்ந்தே இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புதிய றாக்கையை ரசமட்டத்தின் சொற்படி நேராக நிறுத்தினால் இரண்டு அயலோடும் பொருந்தாது. போல்ட் துளைகள் சந்திக்காது. அப்போது தெரிந்த ஆள் ரசமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நீண்ட நேர்கோல் ஒன்றை இடப்பக்க றாக்கையின் தலையிலிருந்து வலப்பக்க றாக்கையின் தலைக்குக் குறுக்கே போட்டு, நடுவில் நிற்பது அதைத் தொடும்வரை பாதங்களைத் திருகுவார். பிறகு துளைகளில் போல்ட் கையாலேயே உள்ளே போகிறதா என்று பார்ப்பார். போனால் இறுக்குவார். போகாவிட்டால், இன்னும் கால் சுற்று.